தண்ணீர் பட்ட கோடி

அக்கா,

இன்று மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வாசலிலேயே வினிகர் வாசனை மூக்கில் ஏறியது. வினிகரும் கடுகும் இஞ்சியும் ஒன்றாகக் கொதித்தால் வருமே, அந்த வாசனை. செருப்பைக் கழற்றாமலே சமையலறை வரைக்கும் போய்விட்டேன். மேசை மேல் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி இருந்தது.

"மலாக்காவுலேர்ந்து தெரசா ஆன்ட்டி அனுப்பியிருக்காங்க மாமா. டெபால் கறி. ஒங்களுக்காக ஒரப்பு கொறச்சிருக்காங்களாம்" என்றாள் மருமகள்.

மூடியைத் திறந்து விரலை விட்டு நக்கினேன்.

"கை களுவுனீங்களா மாமா? செருப்பு வேற! அய்யோ, எழுபத்தாறு வயசு!"

திட்டட்டும். அந்தத் திட்டிலும் உன் சாயல் இருந்தது, கறியிலும் உன் கை இருந்தது. உறைப்பைக் குறைக்கத் தெரசாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நீயாகத்தான் இருக்கும். எனக்கு வயிற்றுப்புண் என்பதை மலாக்கா முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டுத்தானே போயிருக்கிறாய்.

நான் நாலாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியது கிடையாது. திட்டு வாங்க வேண்டும் என்று தோன்றினால் நம் தோட்டத்தை ஒட்டிய சிம்பாங் அம்பாட்டிலிருந்து லாரியை எடுத்துக்கொண்டு உன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவேன். இப்போது நீ இருக்கும் இடத்துக்கு லாரி போகாது. போனாலும் நான் அவசரப்பட மாட்டேன். ஆனால் உன் சாவு வீட்டில், உன் கோடி விஷயத்தில், நான் ஒரு காரியம் செய்தேன். ஏழு மாதமாக அது நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. சரியா தப்பா என்று நீ ஒருத்திதான் சொல்ல முடியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படி.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை.

அம்மா போனபோது எனக்கு இரண்டு வயது, உனக்கு ஏழு. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விடுவார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே நீ அடுப்பு மூட்டினாய், தண்ணீர் தூக்கினாய் என்று பக்கத்து லயன் வீட்டு அத்தை சொல்வாள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது நீ போன நாள்தான். எனக்கு ஐந்து வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸருக்கு மலாக்காவுக்கு மாற்றலாகியிருந்தது. அவர் செரானி, அந்தக் காலத்துப் போர்த்துக்கீசியர் வம்சம். அவர் மனைவிக்கு நிறைமாதம். வீட்டோடு ஒத்தாசையாக இருக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையாட்டினார். லாரியில் கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, கோழிக்கூடு ஏறியது, கடைசியாக நீ ஏறினாய். நான் கோழிகளுக்கு டாட்டா காட்டினேன். நீயும் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. லாரி திருப்பத்தில் மறைந்த பிறகுதான் புரிந்தது.

அந்தத் தீபாவளிக்கு நீ மூன்று நாள் லீவில் வந்தாய். கவுனும் சப்பாத்தும் போட்டிருந்தாய். வந்ததும் பெருமையாகச் சொன்னாய்:

"அங்க என்னை கிரியாதுன்னு சொல்லுவாங்கடா."

"அப்டின்னா?"

"அவங்க பாஷையில வேலைக்காரின்னு அர்த்தம்."

உனக்குப் பத்து வயது. புதுச் சொல் ஒன்று கிடைத்த சந்தோஷம் உனக்கு. எனக்கோ உன்னைச் சீண்ட ஆயுள் முழுக்க வரும் ஆயுதம் கிடைத்துவிட்டது.

"ஏய் கிரியாது, தண்ணி கொண்டா!"

"ஒதைப்பேன்."

"கிரியாது ஒதைக்கலாமா? தொரை கோவிச்சுக்குவாரு."

நீ கரண்டியோடு துரத்துவாய். லயன் வீடுகளைச் சுற்றி ஓடுவோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே கூத்து. மூன்றாம் நாள் பஸ் வரும், நீ போய்விடுவாய்.

அந்த வீட்டில் நீ எப்படி இருந்தாய் என்று துண்டு துண்டாகத்தான் சொல்வாய். சமையலறையில் பாய் போட்டுப் படுத்ததைச் சொல்லியிருக்கிறாய். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டதைச் சொல்லியிருக்கிறாய். தியா உனக்குத் தலை வாரிவிட்டதையும், தையல் சொல்லிக் கொடுத்ததையும், உனக்கு அம்மை போட்டபோது பத்து நாள் வேறு யாரையும் கிட்டே விடாமல் தானே பார்த்துக்கொண்டதையும் அதே குரலில்தான் சொல்வாய். தியா என்றால் அவர்கள் பேச்சில் அத்தை. டிரஸர் மனைவியை நீ அப்படித்தான் கூப்பிட்டாய். ஒருமுறை நான் குடைந்து குடைந்து கேட்டேன், அவங்க நல்லவங்களா கெட்டவங்களா என்று. "சோறும் போட்டாங்க, வேலையும் வாங்குனாங்க. ரெண்டும் நெசந்தான்டா" என்றாய். 

நீ போன மாதமே அங்கே ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதுதான் தெரசா. அவளை நீ தூக்கி வளர்த்தாய். என்னை இறக்கிவிட்ட அதே இடுப்பில் அவள் ஏறிக்கொண்டாள்.

உனக்குக் கல்யாணம் பேசியபோது அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "தியாவ மேடையில நிக்க வைங்கப்பா. அம்மா எடத்துல."

"வேலைக்கு வச்சவங்கள அம்மா எடத்துல வைக்கிறதா? தோட்டமே சிரிக்கும்" என்றார் அப்பா.

எனக்கு அப்போது பதினைந்து வயது. சும்மா இருந்தேனா? "கிரியாதுக்கு எசமானியம்மா ஆசீர்வாதம் வேணுமாம்" என்றேன். அன்றைக்கு நீ கரண்டி எடுக்கவில்லை. கையில் இருந்த சேலையை மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, பெட்டியில் வைத்தாய். அவ்வளவுதான். கல்யாணத்தன்று தியா பூப்போட்ட சாரோங்கும் கெபாயாவும் உடுத்திக்கொண்டு கோயில் மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ மேடையில் இருந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். தாலி ஏறும்போதுகூட.

பிறகு நீ மலாக்கா டவுனிலேயே குடும்பம் நடத்தினாய். நான் லாரி டிரைவர் ஆனேன். ஒரு கிறிஸ்மஸ் சமயம், மடியில் சூஜி கேக் தட்டோடு என் லாரியில் ஏறினாய், தியா வீட்டுக்குப் போக.

"மூணு புள்ள பெத்தாச்சு, இன்னும் கிரியாது வேலய விடலயா நீ?" என்றேன்.

"அந்த வார்த்தைக்கு மொதல்ல என்னா அர்த்தம்னு தெரியுமாடா ஒனக்கு? டிரஸரு சொன்னாரு. வளத்ததுன்னு அர்த்தமாம். வீட்டுல வச்சு வளத்த ஆளு."

"கோழியையுந்தான் வீட்டுல வளக்குறாங்க."

"கோழி வளக்குறதுக்கும் அந்தப் பேச்சுதான். கொழந்தைக்கும் அதுலேர்ந்துதான் பேரு வச்சிருக்காங்க."

"அப்ப நீ அவங்க வீட்டுக் கோழி."

சிரித்தாய். கேக் தட்டு குலுங்கும் அளவுக்குச் சிரித்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தியா வீடு இருந்த உஜோங் பாசிர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். நான் கியரை மாற்றினேன், ரேடியோவைப் போட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

இனி உன் சாவுக்கு வருகிறேன்.

உன் மகன் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். செத்த பெண்ணுக்குக் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. உன் பிறந்த வீடு என்றால் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். டவுன் கடையில் காலையிலேயே வாங்கிய சந்தன நிறச் சேலை, காகிதம்கூடப் பிரிக்காமல் என் கையில் இருந்தது.

"பொறந்த வீட்டுக் கோடி யாரு? முன்னால வாங்க" என்றார் உன் கொழுந்தனார். முறை தெரிந்த மனிதர். முறையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனிதர்.

நான் ஓர் அடி வைத்தேன். எனக்குப் பக்கத்தில் இன்னொரு கால் ஓர் அடி வைத்தது. திரும்பிப் பார்த்தால் தெரசா. எழுபது வயதுப் பெண்பிள்ளை, கறுப்புக் கவுன், இரண்டு கையிலும் ஏந்திய ஒரு நீலச் சேலை.

"நீங்க ஒக்காருங்கம்மா. இது பொறந்த வீட்டுக்காரங்க செய்யறது" என்றார் கொழுந்தனார்.

"நானும் பொறந்த வீடுதான் லா" என்றாள் தெரசா. நீ சொல்லிக் கொடுத்த தமிழ். "அக்காவே வாங்கி எங்கிட்ட குடுத்து வெச்சாங்க. நான் செத்தா நீ கொண்டாந்து போடணும்னு சொன்னாங்க."

கூடாரத்தில் சலசலப்பு. எனக்குச் சுரீர் என்றது அக்கா. என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

கொழுந்தனார் அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்தார். மொரமொர என்றது. "என்னா இது, கஞ்சி போட்டு அயன் பண்ணியிருக்கு? தண்ணி பட்ட துணி கோடி ஆகாது. கடையிலேர்ந்து வந்தபடியே இருக்கணும். இத எடுத்துட்டுப் போங்க."

தெரசாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "எனக்குத் தெரியாது லா. கிறிஸ்மஸ் வந்தா வீட்டுல இருக்கற நல்ல துணி எல்லாம் தோய்ச்சு, கஞ்சி போட்டு, அயன் பண்ணி வெக்கணும்னு அக்காதான் பழக்குனாங்க. இதையும் வருஷா வருஷம் தோய்ச்சேன். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு."

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் துணி ஆகாது என்று அவர் சொன்னதும், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரி, நான் மட்டும்தான் பிறந்த வீடு என்று நினைத்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் போனது நல்லதுதான்.

அப்போது பின்னால் யாரோ ஒரு பெண் சொன்னாள்: "வேலக்காரியா இருந்த வீட்டுக்காரங்கதானே. பொறந்த வீடுன்னு முன்னால வந்துட்டாங்க."

எழுபது வருஷம் நான் சிரித்துக்கொண்டே சொன்ன சொல்தான். வேறு வாயிலிருந்து வந்தபோது என் காது சுட்டது. தெரசா கையில் இருந்த சேலையின் ஓரத்தை உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். மூன்றாக மடித்த மடிப்பு. உன் மடிப்பு.

வாசலில் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர் அப்போதுதான் பிடித்து வைத்திருந்தார்கள். நான் நேராக அங்கே போனேன். காகிதத்தைப் பிரித்தேன். என் சந்தன நிறச் சேலையை அந்த வாளிக்குள் போட்டு, மேலே மிதக்காமல் கையால் அமுக்கினேன்.

"மாமா! என்னா பண்றீங்க?" என்று உன் மகன் ஓடி வந்தான்.

"கை நடுங்குச்சுப்பா. விளுந்துருச்சு."

"நீங்க அமுக்குறீங்க மாமா!"

"எடுக்கப் பாக்குறேன்டா."

சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு கொழுந்தனார் முன்னால் போய் நின்றேன். "மச்சான், என் கோடியும் தண்ணி பட்டுருச்சு. பொறந்த வீட்டுல இப்ப இருக்கறது ரெண்டு துணி, ரெண்டும் ஆகாத துணி. என்னா செய்யலாம்? எங்கக்காவ வெறுமனே அனுப்பிடலாமா? நீங்களே சொல்லுங்க."

"வேணும்னேதான் போட்ட நீ."

"வயசாயிருச்சு மச்சான். ஒங்களுக்கும் ஆவும்."

கூடாரத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கொழுந்தனார் என்னைப் பார்த்தார், நனைந்த சேலையைப் பார்த்தார், கடைசியில் உன்னைப் பார்த்தார். "ஏதாச்சும் செஞ்சு தொலைங்க" என்று துண்டை உதறிக்கொண்டு நகர்ந்தார்.

நான் தெரசாவின் கையைப் பிடித்து முன்னால் விட்டேன். முதலில் அவள் சேலையைப் போர்த்தினாள். அதன் மேல் நான் என்னுடையதை. நீலமும் சந்தனமுமாக, பாதி ஈரத்தோடு போனாய் அக்கா. குளிர்ந்திருந்தால் மன்னித்துக்கொள். நல்ல வெயில்தான் அன்றைக்கு. வழியிலேயே காய்ந்திருக்கும்.

ஆட்கள் நகர்ந்த பிறகு தெரசா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே, அக்கா சொன்னாங்க. எந்தம்பி ஒண்ணு கொண்டாருவான், நீ ஒண்ணு கொண்டா, எனக்கு ரெண்டு வீடுன்னாங்க. தம்பி சத்தம் போடுவான், பயப்படாதேன்னும் சொன்னாங்க. நீங்க சத்தமே போடல."

"போடத்தான் இருந்தேன். வாளி குறுக்க வந்துருச்சு" என்றேன்.

உன் பதினாறாம் நாளுக்குத் தெரசா தன் மகளையும் அழைத்து வந்தாள். காலேஜில் பாடம் எடுக்கும் பெண். அவளிடம் கிரியாது என்ற சொல்லைப் பற்றிக் கேட்டேன். இந்த வயதில் எனக்குப் படிப்பு ஆசை வந்ததைப் பார்த்து என் மருமகளுக்கு வாய் மூடவில்லை. அந்தப் பெண் சொன்னாள், அது லத்தீனில் இருந்து வந்த சொல்லாம். உண்டாக்குவது என்பதுதான் வேராம். போர்த்துக்கீசில் அது பால் கொடுத்து, சோறு கொடுத்து வளர்ப்பது என்று ஆனது. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் சொந்தக்காரப் பிள்ளைகளையும் கொண்டுவந்து வளர்ப்பார்களாம். ராஜா வீட்டில் அப்படி வளர்ந்தவன், நான் ராஜாவின் கிரியாது என்று மார்தட்டிக்கொள்வானாம். வளர்ந்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்குமா? வேலை செய்யும். நாளாக நாளாக வளர்ப்பு மறந்துபோய் வேலை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. பெரிய மனிதர்கள் கடிதம் எழுதி முடிக்கும்போது, உங்கள் கிரியாது என்று பணிவாகக் கையெழுத்துப் போடுவார்களாம். நான் அப்படிப் போட மாட்டேன். உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

இன்னொன்றும் சொன்னாள். தெரசா வீட்டில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, பாதிப் போர்த்துக்கீசும் பாதி மலாயுமாக, அந்த மாதிரிப் பேச்சுகளுக்குப் படித்தவர்கள் கிரியோல் என்று பேர் வைத்திருக்கிறார்களாம். அந்தப் பேரும் இதே வேர்தானாம். வீட்டில் பிறந்து வளர்ந்தது என்ற அர்த்தம் அதற்கும்.

"நம்ம ஊருலயும் அப்படித்தாம்மா. அறுவது வயசு ஆளு கடையில மூட்ட தூக்குனா அவன கடைப்பையன்னுதான் சொல்லுவோம். பெத்த புள்ளைக்குச் சொல்ற பேரத்தான் வேல வாங்கவும் வச்சுக்கிறோம்" என்றேன். அந்தப் பெண் அதை நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். நாலாம் வகுப்புப் படித்தவன் சொன்னதைக் காலேஜ் டீச்சர் எழுதினாள் அக்கா. நீ பார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தேன். அந்தச் சொல்லில் இரண்டும் இருந்திருக்கிறது, நீ சொன்ன மாதிரியே, சோறும் வேலையும். ஆனால் நான் ஏன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுபது வருஷம் உன் காதில் கத்தினேன்?

இப்போதுதான் பிடிபட்டது. வேலைக்காரி என்றால் வேலை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் என்றால் அனுப்ப மாட்டார்கள். அவ்வளவுதான் அந்த ஐந்து வயது மண்டைக்கு எட்டியது. அதனால் நீ வரும்போதெல்லாம் உனக்கு ஞாபகப்படுத்தினேன்: நீ அங்கே வேலைக்காரி, உன் வீடு இங்கே இருக்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன். நீ கேலி என்று நினைத்துக் கரண்டியைத் தூக்கினாய். கேலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். கொஞ்சம் இருக்கிறது. என்னை நீ வளர்த்த மூன்று வருஷம் எனக்கு ஞாபகமில்லை. தெரசாவுக்கோ உன்னோடு இருந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால் இப்போது அவள் போன் செய்யும்போதெல்லாம் அவளை விடுவதில்லை. அக்கா உன்னை எப்படிக் குளிப்பாட்டினாள், அழுதால் என்ன செய்தாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு எப்படிச் செய்தாயோ அப்படித்தானே எனக்கும் செய்திருப்பாய். என் கதையை அவள் வாயால் தெரிந்துகொள்கிறேன்.

போன வாரம் ஒன்று சொன்னாள். சோறு ஊட்டும்போது உருண்டை பிடித்து, ஒவ்வொன்றுக்கும் பஸ் நிற்கும் ஊர் ஒன்றைப் பேராக வைப்பாயாம். இது பாச்சாங், இது செங், இது அலோர் காஜா, இது சிம்பாங் அம்பாட். மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு, அந்த செரானிக் குழந்தையின் வாய் வழியாகத் தினமும் தோட்டத்துக்கு பஸ் ஏறியிருக்கிறாய்.

"அதோட முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. இன்னும் ஒண்ணு இருக்கும். கடைசி உருண்டை, சின்னதா. எனக்கு வயிறு நெறஞ்சு போச்சுன்னாலும் அத மட்டும் விடமாட்டாங்க. வாயத் தொற, எறங்கணும், இதான் தம்பின்னுவாங்க."

போனை வைத்த பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். மருமகள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போடு, சின்னதாகப் போடு என்றேன்.